தேனில் குழைத்தது

ஜூன் 5, திங்கள்

மோட்டார் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. அஞ்சு மாசம் சும்மா கிடந்தது. ரிக் வண்டியில் போர் போடப் போன காலத்தில் தினமும் எழுதுவேன். எத்தனை அடியில் செம்மண், எத்தனை அடியில் கரும்பாறை, எங்கே ஈரம் தட்டியது என்று எல்லாம் என் கணக்குதான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று முதலாளி அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். ரிக்கை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எழுதுகிற புத்தி மட்டும் போகவில்லை.

இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. எனக்கும் என் சம்சாரம் கலாமணிக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. வீட்டில் இந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டோம், 'அது' என்றுதான் பேச்சு. ரெண்டு வருஷம் முன்னால் கலா முதல் தடவை உண்டானபோது ரத்தம் எடுத்தார்கள், அதில் தெரிந்தது. பிறகு என்னையும் கூப்பிட்டு எடுத்தார்கள். அந்தக் கரு தங்கவில்லை. அன்றையிலிருந்து ரெண்டு பேருக்கும் தினம் ராத்திரி ஒரு மாத்திரை. கலா இதுவரை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ரிக் வண்டியில் வெளி மாநிலம் போய் மாசக்கணக்கில் கிடந்தவனுக்கெல்லாம் வந்துவிடவா செய்தது. சரி, அதை விடு.

இப்போது மறுபடி மூணு மாசம். இன்றைக்கு மாத்திரை வாங்குகிற சென்டரில் கலாவின் ரத்தப் பரிசோதனை முடிவு சொன்னார்கள். கிருமி கணக்கில் வராத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறதாம். அங்கே ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் ஜெசிந்தா மேடம் சிரித்து நான் பார்த்ததே இல்லை, இன்றைக்குச் சிரித்தார்.

"பிரசவம் வரைக்கும் இப்படியே இருந்தா குழந்தைக்கு வராதுன்னு தைரியமா நம்பலாம் லோகநாதன். மாத்திரை ஒரு நாள் தவறக் கூடாது. உங்க வேலை அவ்வளவுதான்."

அவ்வளவுதானே. நாற்பது பிள்ளைகளை நேரம் தவறாமல் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்குகிறவன் நான். ஒரு மாத்திரையைத் தவற விடுவேனா?

பஸ் ஸ்டாண்டில் கலா மாங்காய் பத்தை கேட்டாள். மிளகாய்ப்பொடி தூக்கலாகப் போட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 21, புதன்

வேனுக்கு பிரேக் லைனிங் மாற்றினேன். உயிர் போகிற வேலை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கலாவுக்கு ரத்தம் ஊறுவதற்குச் சத்து மாத்திரை தந்திருக்கிறார்கள். அது உள்ளே போன வேகத்தில் வெளியே வருகிறது. நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னால், "விடாமப் போடுங்க, பழகிரும். மத்தியானம் சோறு சாப்பிட்டதும் இது. அந்த மாத்திரை ராத்திரி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுறாதீங்க" என்றார்.

ஒண்ணாப் போடுவதா? இவள் இதைத் தனியாகவே வயிற்றில் வைக்க மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 6, வியாழன்

ரத்தம் ஏழரைதான் இருக்கிறதாம். இப்படியே போனால் பிரசவ நேரத்தில் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். கலாவின் கண்ணைக் கீழே இழுத்துக் காட்டினார்கள். வெளுத்துப் போய் இருந்தது. சத்து மாத்திரையை அவள் நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது என்பதை நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால் அவளைத்தான் திட்டுவார்கள்.

வேன் முதலாளியின் சம்சாரத்துக்கு இப்படித்தான் இருந்ததாம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சித்த வைத்தியர் மூணே மாசத்தில் சரிபண்ணிவிட்டாராம்.

ஜூலை 9, ஞாயிறு

அக்கரை வைத்தியரிடம் போய் வந்தோம். பேர் சிதம்பரநாதன். ஜடாமுடியும் தாடியுமாக இருப்பார் என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, சுவரில் பட்டம் வாங்கிய படம். கலாவின் கையைப் பிடித்து ரொம்ப நேரம் நாடி பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மருந்து வேற ஏதாச்சும் எடுக்கறீங்களாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரிதான் நான் கொடுக்கணும்."

கலா என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்று நான் சொன்னேன். "சத்து மாத்திரை ஒண்ணு கொடுத்தாங்க. ஒத்துக்கலை, நிறுத்தியாச்சு."

வேறு என்ன சொல்வது? வேன் முதலாளியின் சம்சாரம் மாசம் ஒரு தடவை இங்கே இதே பெஞ்சில் வந்து உட்கார்கிறார். வைத்தியர் வாய் தவறி அவரிடம் ஒரு வார்த்தை விட்டால் போதும், அடுத்த நாள் என் வேனில் ஒரு பிள்ளை ஏறாது.

வைத்தியர் செந்தூரம் கொடுத்தார். செங்கல்லை இழைத்த மாதிரி சிவப்புப் பொடி. காலையும் சாயங்காலமும் வெறும் வயிற்றில் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். புளி சேர்க்கக் கூடாது.

"வயித்தைப் புரட்டாதுங்களா?" என்று கலா கேட்டாள்.

"புரட்டாதும்மா. பிள்ளைத்தாச்சிக்கு ஏத்த அளவுதான் கொடுத்திருக்கேன்" என்றார். மனுசன் நல்ல மாதிரி.

ஜூலை 10, திங்கள்

ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளலாம் போல இருந்தது.

உண்டானதிலிருந்து கலா எட்டு மணிக்கெல்லாம் கட்டையைச் சாய்த்துவிடுகிறாள். ஒன்பது மணி மாத்திரைக்கு அவளை எழுப்புவது தினம் ஒரு போராட்டம். அதனால் அவளுடைய மாத்திரையைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாற்றிவிட்டேன். என் போனில் அலாரம். செந்தூரத்தைத் தேனில் குழைத்து, அதிலேயே மாத்திரையைப் புதைத்துக் கொடுத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. பிறகு ஒரு மணி நேரம் கழித்துச் சோறு. ஒரே அலாரம், ஒரே வேலை. தவற வழியே இல்லை.

நான் எப்போதும் போலச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டேன். கலா ஒரு தடவைகூட ஓங்கரிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ரத்தம் பத்துக்கு ஏறிவிட்டது. நர்ஸம்மாவே, "பாத்தீங்களா, சத்து மாத்திரை விடாமப் போட்டா இப்படித்தான்" என்றார். நாங்கள் ரெண்டு பேரும் தலையை ஆட்டினோம். கலாவின் முகத்தில் கல்யாணத்தப்போ இருந்த களை வந்திருக்கிறது. பிள்ளை உதைக்கிறது என்று என் கையை இழுத்து வைத்துக் காட்டினாள். நிஜமாகவே உதைத்தது.

அப்படியே சென்டருக்கும் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஆள். யாரோ கொடுத்த கஷாயத்தை நம்பி மாத்திரையை நாலு மாசமாக நிறுத்திவிட்டானாம். எலும்பும் தோலுமாக நிற்கிறான். ஜெசிந்தா மேடம் அவனை உட்கார வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். வெளியில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

எங்கள் முறை வந்ததும் அதே சூட்டில், "நீங்க லேகியம், சூரணம், நாட்டு மருந்து ஏதாவது?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது கலா மெதுவாகச் சொன்னாள். "சொல்லியிருக்கலாங்க மாமா."

"மாத்திரையை நிறுத்துனவனைத்தான திட்டறாங்க. நாம எங்க நிறுத்துனோம்? அவங்களுக்கு நாட்டு மருந்துன்னு பேர் கேட்டாலே ஆகாது. வாங்கிக் கட்டிக்கணுமா?"



செப்டம்பர் 14, வியாழன்

எழுத வேண்டாம் என்று இருந்தேன். தூக்கம் வரவில்லை.

போன மாசக் கடைசியில் ரெண்டு பேருக்கும் எடுத்த ரத்தத்தின் முடிவு இன்றைக்கு வந்தது. கிருமி எனக்கு எப்போதும் போல, கணக்கில் வராத அளவு. கலாவுக்கு ஆறாயிரத்துச் சொச்சம்.

ஜெசிந்தா மேடம் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "எத்தனை நாள் விட்டீங்க கலாமணி?"

"ஒரு நாள்கூட விடலைங்க மேடம்."

"விடாமப் போட்டா இது ஏறாதும்மா. பயந்து மறைக்காதீங்க. குழந்தை விஷயம்."

"இல்லீங்க மேடம். சத்தியமா."

வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று இன்றைக்கும் கேட்டார். நான் இல்லை என்றேன். வழக்கமாகக் கேட்கிற கேள்வி, வழக்கமாகச் சொல்கிற பதில்.

ஒரே சென்டர், ஒரே மாத்திரை. எனக்கு அடங்கிக் கிடக்கிறது, அவளுக்கு ஏறுகிறது. அப்புறம் நான் என்னவென்று நினைப்பது? பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

"போடறியா, துப்பறியா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றுவிட்டது. "ஏனுங்க, நீங்களேதான தேன்ல வச்சுக் கொடுக்கறீங்க?"

"நான் கொடுத்துட்டு வேனுக்கு டீசல் அடிக்கப் போயிடறேன். அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?"

"என்ற வயித்துல இருக்கற பிள்ளைக்கு நானே பண்ணுவனா மாமா?"

அவள் குளிக்கப் போன நேரத்தில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில், முருங்கை மரத்தைச் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையின் ஜாலியையும் எடுத்துப் பார்த்தேன், முடிதான் இருந்தது. நான் தேடியது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அரிசி டப்பா மூடியைச் சரியாக மூடாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

நான் மட்டும் வைத்தியரிடம் போனேன். சம்சாரம் சோர்வாக இருக்கிறாள், உடம்புக்கு இன்னும் தெம்பு வேண்டும் என்றேன். வேறு மருந்து எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். அளவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்.

செந்தூரமாவது அவளைக் காப்பாற்றட்டும்.

செப்டம்பர் 18, திங்கள்

இன்றையிலிருந்து டீசலுக்குச் சாயங்காலம் போவதில்லை. என் கையாலேயே ஊட்டினேன். முழுங்கியதும் வாயைத் திறக்கச் சொன்னேன்.

ஆ காட்டினாள். நாக்கைத் தூக்கியும் காட்டினாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

என் மாமியார் வந்திருந்தார். ஒன்பதாம் மாசம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துப் போக நாள் பார்த்திருக்கிறாராம். முடியாது என்றேன். அங்கே போனால் ஏழு மணிக்கு யார் கொடுப்பார்கள்? அவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் விஷயம் ஊரில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

"தலைப் பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னா ஊர் என்ன பேசும் மாப்பிள்ளை?"

"பேசட்டும் அத்தை. ஆஸ்பத்திரி இங்கிருந்து கிட்ட."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு அலாரம் அடித்தது. நான் கிண்ணத்தில் தேனை விட்டுச் செந்தூரத்தைக் குழைத்தேன். மாத்திரையை அவர் பார்க்காமல் உள்ளே அழுத்திக் கலாவுக்கு ஊட்டினேன். அவர் கண் கலங்கிப் போனார்.

"எந்த ஆம்பளை இப்படிப் பண்ணுவான்? நான் கும்பிட்ட சாமி என்ற பிள்ளைக்குத் தங்கமா ஒரு மாப்பிள்ளையைக் கொடுத்திருக்குது. நீங்களே வச்சுப் பாருங்க மாப்பிள்ளை, நான் ஒண்ணும் சொல்லலை."

கலா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா இருந்ததால் இன்றைக்கு வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வேனைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டினேன். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வேன் சாவி, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர். கலா அதோடு அவளுடைய மாத்திரை டப்பாவையும் செந்தூரப் புட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். மாத்திரை டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். ரெண்டுக்கும் பொட்டு.

போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் என் கையால் கொடுத்தேன். இந்தத் தடவை இறங்கியே ஆக வேண்டும்.

நவம்பர் 9, வியாழன்

நாற்பதாயிரம்.

எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்தத் தடவை எங்களை டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன வயசு, புதுசாக வந்தவர். முடிவைப் பார்த்துவிட்டு, "நீங்க சித்த வெளியில இருங்க, நான் அவங்ககிட்டத் தனியாப் பேசறேன்" என்று என்னிடம் சொன்னார். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டரம்மாவும் என் மாதிரியே கேட்கப் போகிறார், போடறியா துப்பறியா என்று. கேட்கட்டும், டாக்டர் கேட்டாலாவது உண்மை வரும் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் நான் நினைத்தது அதுதான்.

ரொம்ப நேரம் கழித்துக் கலா வெளியே வந்தாள்.

"மாமா, வீட்டுக்குப் போயி அந்தச் செந்தூரப் புட்டியை எடுத்துட்டு வரச் சொல்றாங்க."

"சொல்லிட்டியா?" எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "வேண்டாம் வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"தினமும் எப்படிப் போடறீங்க, முதல்ல இருந்து சொல்லுங்கன்னாங்க. சொன்னனுங்க. தேன்ல குழைச்சு, அதுலயே மாத்திரையை வச்சு, நீங்க ஊட்டறதை."

பஸ்ஸில் ஊருக்குப் போய், வேன் முதலாளியின் பைக்கை வாங்கிப் புட்டியை எடுத்து வந்தேன். டாக்டரம்மா அதைத் திறந்து பார்த்தார். புட்டியில் வைத்தியசாலையின் சீட்டு ஒட்டியிருந்தது, அதைப் படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"இது இரும்புங்க. ரத்தம் ஏறினது இதாலதான், பொய் சொல்லலை. ஆனா இரும்பும் நம்ம மாத்திரையும் வெறும் வயித்துல ஒண்ணாச் சேர்ந்தா, இரும்பு அந்த மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கும். உடம்புல ஏற விடாது. பாதி ஏறியிருந்தாலே பெரிசு."

"அவ ஒரு நாளும் விடலைங்களா?" என்று கேட்டேன். எதற்கு அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"விட்டிருக்க மாட்டாங்க. இது மட்டும்தான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. கிருமி மருந்துக்குப் பழகிருச்சான்னும் பார்க்கணும். ஆனா முதல்லயே இதைச் சொல்லியிருந்தா நேரத்தை மாத்தியிருப்போம், அவ்வளவுதான். சத்து மாத்திரை கொடுக்கறப்ப நர்ஸ் சொல்லலையா, ரெண்டையும் ஒண்ணாப் போடாதீங்கன்னு?"

சொன்னார். ஜூன் மாசம் நானே எழுதியும் வைத்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் சுற்றித் தந்த அந்தச் சத்து மாத்திரைக்குத்தான் அது என்று நினைத்தேன். சிவப்புப் பொடிக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

"இனி என்னங்க பண்றது?"

"இன்னையில இருந்து இதை நிறுத்துங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை. வேகமா இறங்க வாய்ப்பிருக்கு. ஆனா நாள் கம்மியா இருக்குதுங்க." அதற்கு மேல் அவரும் கலாவின் வயிற்றைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கலா குழம்பைச் சுட வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டோம். அவள் மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டாள். பழக்க தோஷம், என் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்து காட்டினாள்.

நான் பாயில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 11, சனி

அக்கரைக்குப் போனேன். அந்த வைத்தியனின் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்காவிட்டால் மனசு ஆறாது என்று போனேன். எங்களுக்கு என்ன நோய் என்று முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் வாயைத் திறந்து சொன்னேன், அதுவும் கத்திச் சொன்னேன். நல்லவேளை, தீபாவளி முதல் நாள், பெஞ்சில் யாரும் இல்லை.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் உங்களைக் கேட்டேனுங்களே."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு தடவை கேட்டேன். அந்த மாத்திரை சாப்பிடறவங்க எங்கிட்டயும் வர்றாங்க. மறைக்காமச் சொல்றவங்களும் இருக்காங்க. அவங்களுக்குச் செந்தூரம் கொடுக்கறதா இருந்தா, எத்தனை மணி நேரம் தள்ளிச் சாப்பிடணும்னு சொல்லித்தான் கொடுக்கறேன். இன்னார்னு என் சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது. நீங்க இல்லைன்னீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தங்கச்சிக்கு எந்த மாசம்?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

எதைக் கொண்டுபோய் யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் பாலத்தில் வந்து வண்டியை நிறுத்தினேன். ஆற்றில் தண்ணி அதிகம். வீடுகளில் முறுக்குச் சுடுகிற வாசம் பாலம் வரைக்கும் வந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. கலா எனக்கு மட்டும் இட்லி ஊற்றிக் கறிக்குழம்பு வைத்தாள்.

நவம்பர் 20, திங்கள்

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் பிரசவம் ஆகிவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். பிறந்ததும் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். பிறகு ஆறு வாரம் கழித்துக் குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவளே சாப்பிடுகிறாள், அவளே மாத்திரை போட்டுக்கொள்கிறாள். நான் கிட்டே போய் நிற்கிறேன். "தண்ணி வேணுமா?" என்று கேட்கிறேன். "இருக்குதுங்க" என்கிறாள்.

திட்டினாலாவது பரவாயில்லை. நீ ஊரெல்லாம் போய் வாங்கிட்டு வந்து எனக்குக் கொடுத்தே, இப்ப பிள்ளைக்கும் கொடுக்கப் பார்க்கறியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெண்டு வருஷமாகக் கேட்காதவள் இப்போதா கேட்கப் போகிறாள்? முருங்கை மரத்தைச் சுற்றி நான் கிளறிப் போட்ட மண்ணை இன்றைக்கு அவள்தான் துடைப்பத்தால் கூட்டிச் சமன் பண்ணினாள்.

நவம்பர் 28, செவ்வாய்

பெண் குழந்தை. ரெண்டரைக் கிலோ. ஆபரேஷன்தான். கலா நன்றாக இருக்கிறாள்.

காலையில் வேனை வேறொரு டிரைவரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். தலை நிறைய முடி. உள்ளங்கால் ரெண்டும் சிவந்து கிடந்தது. ஆறு வாரம் கழித்து அந்தக் காலில்தான் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள்.

சாயங்காலம் மாமியார் சின்னப் புட்டியில் தேன் கொண்டுவந்தார். சேனை வைக்க வேண்டுமாம். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டு யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்று எங்கள் பக்கம் வழக்கம். அதற்கு நல்ல ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

"யாரையும் தேட வேண்டாம் மாப்பிள்ளை, நீங்களே வைங்க. அவ உங்க மாதிரியே தங்கமா வரட்டும்."

மோதிரத்தால் தொட்டு வைக்கச் சொல்லி, தன் மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் தேன் வாசம்.

நர்ஸ் வந்து, "தேன் கீன் எதுவும் வாயில வைக்கக் கூடாது" என்று புட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். நர்ஸ் கையில் ஊசி இல்லாத சிரிஞ்சு, அதில் டாக்டரம்மா சொன்ன சொட்டு மருந்து. மாமியாரிடம் மஞ்சள் காமாலை வராமல் இருக்க என்று சொல்லிவைத்திருக்கிறோம். "அப்பா கொடுக்கறீங்களா? கன்னத்து ஓரமா மெதுவா விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று சிரிஞ்சை என்னிடம் நீட்டினார்.

"கொடுங்க மாப்பிள்ளை, சேனைக்குப் பதிலா இதாவது உங்க கையால போகட்டும்" என்றார் மாமியார்.

வாங்கிக்கொண்டேன். கலா படுத்தபடியே என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க மாமா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற குரல்தான். சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். நகக் கண்ணில் செந்தூரம் இருக்குமோ என்று பார்த்தேன், இல்லை, நிறுத்திப் பல நாள் ஆகிவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை கழுவினேன்.

திரும்பி வந்தபோது சிரிஞ்சு காலியாக இருந்தது. கலா ஒருக்களித்துப் படுத்துக் குழந்தையின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நானே கொடுத்துட்டனுங்க" என்றாள்.

டிசம்பர் 4, திங்கள்

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். போன மாசம் எடுத்த ரத்தத்தின் முடிவைச் சொன்னார்கள். கலாவுக்கு நாற்பதாயிரம் நாலாயிரமாகி இருக்கிறது. இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் முழுசாக அடங்குவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. இது போதுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். ஜனவரியில் குழந்தைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

சொட்டு மருந்து வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். என் போனில் அலாரம் வைக்கப் போனேன். கலா, "நான் வச்சுட்டனுங்க" என்று தன் போனைக் காட்டினாள். அவளுடைய ராத்திரி மாத்திரைக்கும் அதிலேயே வைத்திருக்கிறாள். மாமியார் குழந்தைக்குத் தொட்டில் கட்டப் பழைய சேலை தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது உள்ளே அலாரம் அடிக்கிறது. எழுந்து வாசல்படி வரைக்கும் போனேன். அவள் மருந்தை அளந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.